அப்பா வழி நோய் மகளுக்கு வராதா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் பள்ளி ஆசிரியை. அடையாளங்களைத் தவிர்த்துவிட்டு அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா 49 வயதில் மாரடைப்பில் இறந்தார். அம்மாவுக்கு 46 வயதிலிருந்து சர்க்கரை. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குக் கால் புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வாசகிக்கு இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் போய்விட்டது. போன வருடம் முகாமில் வெறும் வயிற்றில் பார்த்தபோது 98. "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடல்வாகு ஒல்லி, 52 கிலோ. இடுப்புச் சுற்றளவு 84 செ.மீ. என்று தையல் டேப்பால் அளந்தே எழுதியிருக்கிறார். வீட்டு வேலை, பள்ளி வேலை தவிர உடற்பயிற்சி கிடையாது.

கணவர் சொந்த அத்தை மகன், அதாவது அப்பாவின் அக்கா மகன். அந்தப் பெரிய அத்தைக்கு, இப்போது மாமியாருக்கு, 58 வயதில் பைபாஸ் நடந்தது. சின்ன அத்தைக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். அண்ணனுக்கு 39 வயது, கடை வைத்திருக்கிறார், சிகரெட் பிடிப்பார். டெஸ்ட் எடுக்கச் சொன்னால், "அப்பாவுக்கு எழுதியிருந்தது போனார், எனக்கு எழுதியிருந்தால் நானும் போவேன். ஈசிஜி எடுத்தேன், நார்மல்தான்" என்கிறாராம்.

வாசகியின் கேள்விகள் இவை: "நான் அம்மா சாயல், அண்ணன் அப்பா சாயல். அப்படியென்றால் எனக்குச் சர்க்கரையும் அண்ணனுக்கு இதயநோயும் வருமா? சின்ன அத்தையின் கேன்சர் அப்பா வழி என்பதால் எனக்குச் சம்பந்தமில்லைதானே? எச்சிலை அனுப்பினால் என்னென்ன நோய் வரும் என்று சொல்கிற டெஸ்ட் விளம்பரம் பார்த்தேன், வாங்கலாமா? இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தால் நாளைக்கு மகளுக்கு வரன் வராது என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்வது?"

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் இன்னொரு வரி: "அப்பத்தா 52 வயதில் வயிறு வீங்கி, தண்ணீர் கோத்து, காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்துக் கொஞ்ச நாளில் இறந்துவிட்டதாகச் சொல்வார்கள்."

சகோதரி, நீங்கள் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கும் சர்க்கரையையும் இதயத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

அப்பத்தாவும் சின்ன அத்தையும்

வயிறு வீங்கி நீர் கோத்து இறந்தார் என்று கேட்டால், மருத்துவர் மனதில் சில காரணங்கள் வரிசையாக வரும். கல்லீரல் சுருங்கியிருக்கலாம். வயிற்றில் காசநோய் இருந்திருக்கலாம். ஐம்பதுகளில் இருந்த ஒரு பெண் என்றால் சினைப்பைப் புற்றுநோயும் அந்த வரிசையில் உண்டு. அந்த நோய் வலி காட்டாமல் வளர்ந்து, வயிற்றில் நீர் சேர்ந்த பிறகே பலருக்குத் தெரியவரும். அப்பத்தாவுக்கு இருந்தது அதுதான் என்று இப்போது யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய மகளுக்கே 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. ஒரே குடும்பத்தில் இளம் வயது மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் சேர்ந்து வந்தால், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் இப்படிப் பரம்பரையாக வருபவை. எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அந்தப் பிழை உள்ள நூறு பெண்களில் 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. அதனால்தான் இதை விட்டுவிட மனம் வரவில்லை.

அப்பா வழி என்பதால் சம்பந்தமில்லை என்று நினைத்தீர்கள். படித்தவர்களிடமும், சில நேரம் மருத்துவத் துறையில் இருப்பவர்களிடமும்கூட இந்த எண்ணத்தைப் பார்க்கிறேன். மார்பகமும் சினைப்பையும் பெண்ணுறுப்புகள், ஆகவே அம்மா வழியில்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த மரபணுக்கள் ஆணிடமும் உண்டு. உங்கள் அப்பா தனக்கு எதுவும் வராமலே அதைச் சுமந்திருக்க முடியும், உங்களுக்குக் கொடுத்திருக்கவும் முடியும். சின்ன அத்தைக்கு அந்தப் பிழை இருப்பதாக வைத்துக்கொண்டால், அது உங்களிடம் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. உங்கள் அண்ணனுக்கும் அதே கணக்குதான். ஆண்களுக்கு அது புராஸ்டேட், கணையப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும், அரிதாக மார்பகப் புற்றுநோயையும் தரும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு அவர் சின்ன அத்தை என்றால், உங்கள் கணவருக்குச் சித்தி. உங்கள் அப்பத்தா அவருக்கு அம்மாச்சி. ஆகவே இந்தக் கேள்வி உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. சொந்தத்தில் கட்டியது தவறு என்று சொல்ல வரவில்லை; உங்கள் பிள்ளைகள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். சொந்தத்தில் திருமணம் நடந்த வீடுகளில் "உன் பக்கம், என் பக்கம்" என்று நோயைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. சின்ன அத்தையின் பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேட்டு வாங்கி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரையே மரபணு ஆலோசனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். பரிசோதனையை நோய் வந்தவரிடம் முதலில் செய்வதே முறை. அவரிடம் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். அவரை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று வந்தால், உண்மையிலேயே ஒன்றுமில்லையா, அல்லது சோதனையின் கண்ணில் படவில்லையா என்று சொல்ல முடியாது.

அவரை எப்படி அழைப்பது என்று தயங்காதீர்கள். "உன்னால்தான் எங்களுக்கு வந்துவிடுமோ என்று பயம்" என்ற தொனி துளியும் வரக்கூடாது. நோயிலிருந்து மீண்டவருக்கு அதைவிடப் பெரிய காயம் இல்லை. "அத்தை, உங்க ரிப்போர்ட் இருந்தா எங்க எல்லாருக்கும் டாக்டர் வழி சொல்லுவாங்க" என்று கேளுங்கள். அவருக்கும் இதில் நேரடிப் பயன் உண்டு: பிழை இருந்தால் அவருடைய சினைப்பையைப் பற்றியும் மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். முடிவு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மார்பக சிகிச்சை நிபுணரிடம் இந்தக் குடும்ப விவரத்தைச் சொல்லி ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மேமோகிராமா (மார்பக எக்ஸ்ரே), எம்ஆர்ஐ ஸ்கேனா, எந்த வயதிலிருந்து என்பதை அவர் சொல்வார்.

98 என்றால் நார்மல்தானா?

வெறும் வயிற்றில் 98 என்பது தனியாகப் பார்த்தால் நார்மல்தான். 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 126-லிருந்து சர்க்கரை நோய். ஆனால் நம் மக்களில் பலருக்கு முதலில் ஏறுவது சாப்பிட்ட பிறகான சர்க்கரை. வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்தால் அவர்கள் தப்பிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற சோதனை. அதில் 140-க்குக் கீழ் இருக்க வேண்டும். 200 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பாருங்கள், ஆனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் உண்மையைவிட ஏறித் தெரியும். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று உங்களுக்கே தெரியும்.

பிரசவத்தோடு போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் அப்படித்தான் மறையும். ஆனால் அது வந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வருகிறது. பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறை, அப்புறம் ஒன்று முதல் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். இதை உங்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை கொடுத்து அனுப்புகிறோம், தாய்க்கு அப்படி ஒன்றும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஒல்லி என்பதை நம்பி இருக்காதீர்கள். உங்கள் இடுப்பு 84 செ.மீ.; நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், ஆண்களுக்கு 90. கை கால் மெலிந்து, கொழுப்பு வயிற்றில் சேர்வதுதான் நம் உடல்வாகு. 2005-ல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் உங்களைப் போட்டுப் பார்த்தேன். வயது 35-ஐத் தாண்டியதற்கு 20, இடுப்புக்கு 10, உடற்பயிற்சி இல்லாததற்குக் குறைந்தது 20, பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்பதற்கு 10. மொத்தம் 60. அறுபதிலிருந்து அதிக அபாயம் என்று கணக்கு. இதில் கர்ப்பகாலச் சர்க்கரை சேரவே இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒருமுறையாவது பார்த்தாரா? பார்க்காதவருக்கு "இல்லை" என்று எழுதக் கூடாது, "தெரியாது" என்று எழுத வேண்டும். அவருக்கும் இருந்திருந்தால் உங்கள் மதிப்பெண் 70.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த எண்ணில் இடுப்பும் உடற்பயிற்சியும் உங்கள் கையில் இருக்கின்றன. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவை மாற்றி நடைப்பயிற்சி செய்தவர்களில் அது 39 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் எடை குறையவே இல்லை; குறையாமலே பலன் கிடைத்தது. உங்களைப் போன்ற 52 கிலோ உடம்புக்கு இது முக்கியமான செய்தி. நீங்கள் இளைக்க வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மதியத் தட்டில் சோற்றைக் கால் பங்காவது குறைத்து அந்த இடத்தில் கீரையோ பொரியலோ சுண்டலோ வையுங்கள். பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை வீணாகக்கூடாது என்று எடுத்துச் சாப்பிடும் வழக்கம் இருந்தால் அதை விடுங்கள்.

உங்கள் அண்ணன்

சாயலை வைத்து நோயைப் பங்கு பிரிக்க முடியாது. மூக்கும் நிறமும் யாரைப் போல என்பதற்கும், கொலஸ்ட்ரால் யாரைப் போல என்பதற்கும் தொடர்பில்லை. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று இருவருமே வாங்கியிருக்கிறீர்கள். எந்தப் பாதி என்பது முகத்தில் தெரியாது. அதனால் இதயத்தைப் பற்றிச் சொல்வது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் அவசரம் அண்ணனுக்கு. அப்பாவோ சகோதரனோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவோ சகோதரியோ 65-க்கு முன்பு மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால் அதை இளவயது இதயநோய் என்று கணக்கில் எடுக்கிறோம். உங்கள் அப்பாவுக்கு 49. அண்ணனுக்கு 39, அதோடு சிகரெட். ஈசிஜி நார்மல் என்பது எடுத்த அந்த நிமிடத்தில் இதயம் எப்படி ஓடியது என்பதைத்தான் சொல்லும். ரத்தக்குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் உட்கார்ந்திருப்பவரின் ஈசிஜி அழகாக இருக்கும். அவருக்கு வேண்டியது ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலின் அளவு, ஆயுளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தக் கொழுப்புத் துகளின் அளவு. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானமாவது. எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம்; அப்போது உங்களையும் பிள்ளைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மாத்திரை வேண்டுமா என்பதை இந்த எண்களைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

தலையெழுத்து என்கிறார் அல்லவா, அவரிடம் இதைச் சொல்லுங்கள். 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது, நம் நாடும் அதில் உண்டு. முதல் மாரடைப்பு அபாயத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் புகை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை போன்ற ஒன்பது காரணங்களே விளக்கிவிட்டன. அந்த ஒன்பதும் மாற்றக்கூடியவை அல்லது கட்டுப்படுத்தக்கூடியவை. 2016-ல் வந்த வேறொரு ஆய்வில், மரபணு வழியில் மிக அதிக இதய அபாயம் உள்ளவர்களிலும் நல்ல பழக்கங்கள் உள்ளவர்களுக்குப் பாதிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது சில மரபணுக்கள். சிகரெட் அதில் இல்லை. அதை விட்டு ஒரு வருடம் ஆனால், புகையால் கூடிய இதய அபாயம் பாதியாக இறங்கும். தனியாக விட முடியவில்லை என்றால் 1800-112-356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம்.

எண்களைவிட உங்கள் அழைப்புக்கு அவர் அசைவார் என்று நினைக்கிறேன். அப்பா விழுந்ததை நேரில் பார்த்த பிள்ளைகள் டெஸ்ட்டுக்கு வர மறுப்பது அலட்சியத்தால் அல்ல, பெரும்பாலும் பயத்தால். "நீ எடு" என்று சொல்லாமல், "நான் எடுக்கப் போறேன், துணைக்கு வாண்ணே" என்று கூப்பிடுங்கள். அண்ணியிடமும் பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்ப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறவர்களிடமும் தொடக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

எச்சில் டெஸ்ட்

வேண்டாம். சர்க்கரை, இதயநோய் போன்றவற்றில் நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கின்றன. அவற்றைக் கூட்டிச் சொல்லும் மதிப்பெண்களில் பல, ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளை வைத்தே கட்டப்பட்டவை. நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் சந்தேகம் உண்டு. "அபாயம் குறைவு" என்று ஒரு வண்ணப் படம் வந்துவிட்டால் நீங்கள் குளுக்கோஸ் சோதனையைத் தள்ளிப்போடுவீர்கள். அந்தப் பணத்தில் நான் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

எப்படி விசாரிப்பது, எங்கே எழுதுவது

யாரைக் கேட்பது என்று யோசித்தால், ஒவ்வொரு குடும்பத்திலும் எல்லோருடைய கதையும் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார். குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் கூடுகிற நாளில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நோயின் பெயரைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்றால் பக்கவாதம். "சாயங்காலம் காபி குடிச்சார், ராத்திரி போயிட்டார்" என்றால் பெரும்பாலும் இதயம். "விரலை எடுத்தாங்க", "கண்ணு மங்கிப் போச்சு" என்றால் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம். "கை கால் முகமெல்லாம் வீங்கி, ஒண்ணுக்குப் போகலை" என்றால் சிறுநீரகம். வயதைக் கேட்க மறக்காதீர்கள். எண்பதில் வந்த மாரடைப்பும் நாற்பத்தெட்டில் வந்த மாரடைப்பும் ஒன்றல்ல. வருடம் தெரியாது என்பார்கள். "உங்க கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால் கணக்கு வந்துவிடும். குடியும் புகையும் இருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டிகள், அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி வரை ஒரு தாளில் அடங்கிவிடும்.

அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் என்னென்ன விசாரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தாள் ஊருக்குக் காட்டுவதற்கு அல்ல. உங்கள் ஃபைலில் இருக்கட்டும், மருத்துவர் மட்டும் பார்க்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், முக்கியமாகச் சின்ன அத்தையின் அனுமதி இல்லாமல் அவர் விவரத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆனால் எழுதாமல் விட்டால் உங்கள் மகள் முப்பது வயதில் ஒரு மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, உங்கள் அப்பத்தாவைப் பற்றிக் கேட்டால் "தெரியாது" என்றுதான் சொல்லுவாள். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் சிக்கல். "மரபணு நோய்" என்று பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு

மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8 என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களான பிறகு வரக்கூடிய புற்றுநோய்க்காகச் சிறு பிள்ளைகளுக்கு மரபணுச் சோதனை செய்வதில்லை. சின்ன அத்தைக்குப் பிழை இருப்பது தெரிந்தாலும், மகள் 18 வயதைத் தாண்டி, விவரம் புரிந்து, அவளே முடிவு செய்யட்டும். கொலஸ்ட்ராலை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொதுவாகப் பிள்ளைகளுக்கு 9 முதல் 11 வயதுக்குள் பார்க்கச் சொல்வார்கள்; குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் 2 வயதிலிருந்தே பார்க்கலாம், ஆகவே மகளுக்கும் மகனுக்கும் இப்போதே. குளுக்கோஸ் சோதனை முடிவும், அத்தையின் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் வந்ததும் மறுபடி எழுதுங்கள். எந்த நிபுணரிடம் முதலில் போவது என்று அப்போது சொல்கிறேன்.